வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டை: பென்சில்வேனியா காடுகளுக்கான முழு வழிகாட்டி

காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறேன் என்றால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் முதலில் கேட்பது “என்ன துப்பாக்கி?” என்பதுதான். அடுத்தது, “பறவையை அழைக்க எந்தக் குழல் ஊதுகிறீர்கள்?” எங்கே உட்காருகிறீர்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் முதல் மூன்று வசந்தங்களும் வெறுங்கையோடு போனதற்குக் காரணம் நானும் அதைக் கேட்காததுதான். இந்தப் பறவையை ஓடிப் பிடிக்க முடியாது, தேடியும் பிடிக்க முடியாது. சரியான இடத்தில் அசையாமல் உட்காரத் தெரிந்தவரிடம் அது தானே வரும். கீழே நான் சொல்லும் எல்லாமே அந்த உட்காருதலுக்கான ஏற்பாடுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளை வேட்டையாடுவது குற்றம். இது அமெரிக்காவில், குறிப்பாகப் பென்சில்வேனியாவில் வசிப்பவர்களுக்காக எழுதியது. டியோகா, பாட்டர் மாவட்டங்களின் ஓக், பீச் மரக் காடுகளில் நான் கற்றது. பக்கத்து மாநிலங்களிலும் பறவை இதே பறவைதான், சட்டம்தான் வேறு.

பறவையை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

“மயிலைப் பார்த்து வான்கோழி ஆடியது போல” என்று நாம் சொல்லிச் சொல்லியே இந்தப் பறவைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோம். இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானது. கொலம்பஸுக்குப் பிறகுதான் கடல் கடந்தது. 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரசவைக்கு ஒன்று வந்தபோது, அது விசித்திரப் பறவை என்று ஓவியர் மன்சூரை அழைத்து வரையச் சொன்னார் பேரரசர். மே மாதக் காலை வெயிலில் செம்பும் பச்சையும் மின்ன, வால் விசிறியை விரித்து, சிறகுகளைத் தரையில் உரசிக்கொண்டு நடக்கும் ஒரு காட்டுச் சேவலைப் பார்த்தவர்கள் அந்தப் பழமொழியை மறுபடி சொல்ல மாட்டார்கள்.

முழு வளர்ச்சியடைந்த கிழக்கத்திய வகைச் சேவல் 8 முதல் 9 கிலோ வரை இருக்கும், பெட்டை அதில் பாதி. ஓடினால் மணிக்கு 40 கிலோமீட்டர், பறந்தால் அதைவிட இரண்டு மடங்கு வேகம். மோப்பம் பெரிதாகக் கிடையாது. மானை வேட்டையாடுபவர்கள் காற்றின் திசை பார்த்துத் தவிப்பார்களே, அந்தக் கவலை இங்கே இல்லை. ஆனால் கண்! தலையின் இரு பக்கமும் கண்கள். தலையைச் சற்றே திருப்பினால் சுற்றிலும் தெரியும். நிறமும் நன்றாகத் தெரியும். 60 கெஜம் தள்ளி நீங்கள் கொசுவை விரட்டக் கையைத் தூக்கினால், அந்தக் காலை அதோடு முடிந்தது. இருட்டில் மட்டும் பார்வை மங்கல், அதனால்தான் இரவில் உயர்ந்த மரங்களில் அடைகிறது. நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அந்த இருட்டுதான்.

வசந்தத்தில் ஏன் வேட்டை என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும். பெட்டை நாளுக்கு ஒன்று வீதம் ஏறக்குறைய ஒரு டஜன் முட்டை இட்டு, 28 நாள் அடைகாக்கும். பெட்டைகளில் பெரும்பகுதி முட்டையிட ஆரம்பித்த பிறகே வேட்டைக்காலத்தைத் திறக்கிறார்கள். தாடி (மார்பிலிருந்து தொங்கும் முடி போன்ற இறகுக் கற்றை) உள்ள பறவையை, அதாவது பெரும்பாலும் சேவலை மட்டும், எடுக்க அனுமதிக்கிறார்கள். இனப்பெருக்கம் பாதிக்கப்படுவதில்லை. பெட்டைகள் ஒவ்வொன்றாக அடைகாக்கப் போய்விட, தனித்துப்போன சேவல் துணை தேடிக் கூவுகிறது. அந்தக் கூவலுக்குப் பெட்டையின் குரலில் பதில் சொல்வதுதான் இந்த வேட்டை.

இந்த மாநிலத்தின் காடுகள் மரத்துக்காக மொட்டையடிக்கப்பட்ட காலத்தில் வான்கோழி தெற்கு மலைகளின் சில மடிப்புகளில் மட்டும் எஞ்சியிருந்தது. பண்ணையில் வளர்த்து விட்ட பறவைகள் காட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. காட்டில் பிறந்தவற்றையே வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் விட்டபோதுதான் இனம் மீண்டது. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலிக்கும் 11 சதவீத வரி இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் போகிறது. முதல் வசந்தகால வேட்டை 1968-இல்தான் அனுமதிக்கப்பட்டது. நீங்கள் எடுக்கும் பறவைக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. அதனால் விதிகளைத் தொந்தரவாக நினைக்காதீர்கள்.

உரிமமும் சட்டமும்

மாநிலத்தின் வேட்டைத் துறையான பென்சில்வேனியா கேம் கமிஷன்தான் பொறுப்பு. முதல்முறை உரிமம் வாங்குபவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். பொது உரிமத்திலேயே வசந்தத்தில் ஒரு வான்கோழியை எடுக்க அனுமதிக்கும் சீட்டு இருக்கும். இரண்டாவது பறவைக்குத் தனி உரிமம். அதை வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவர் நண்பரின் துப்பாக்கியை விளையாட்டாகக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட ஆபத்தில் முடியலாம். எதையும் வாங்குவதற்கு முன்பு குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

வேட்டைக்காலம் மே 1-ஐ ஒட்டிய சனிக்கிழமை தொடங்கி மாத இறுதி வரை. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிலிருந்து சுடலாம். முதல் இரண்டு வாரம் நண்பகலோடு முடித்துக்கொள்ள வேண்டும். தாடி உள்ள பறவையை மட்டுமே எடுக்கலாம். ரைஃபிள் கூடாது. குரல் கொடுத்து வரவழைக்க வேண்டுமே தவிர, பதுங்கிப் பின்தொடர்ந்து போவது சட்டவிரோதம். விவரங்கள் ஆண்டுக்காண்டு மாறும், அந்த வருடத்து விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. மாநில வேட்டை நிலங்கள் மட்டுமே 15 லட்சம் ஏக்கர். அதுபோக மாநிலக் காடுகள். தனியார் நிலம் என்றால் நேரில் போய் அனுமதி கேளுங்கள். மரத்தில் ஊதா நிற வண்ணப் பட்டை தெரிந்தால், உள்ளே நுழையாதே என்று பொருள்.

ஏப்ரலில் காடு பார்த்தல்

துப்பாக்கி இல்லாமல் நான்கைந்து காலையாவது காட்டுக்குப் போங்கள். போய் என்ன பார்ப்பது? முதலில் தரை. கோழி கிளறிய மாதிரி சருகு கிளறப்பட்டிருக்கும், ஆனால் பெரிய அளவில். ஆங்கில ‘வி’ வடிவில் கிடக்கும் அந்தக் கிளறலின் கூர்முனை கூட்டம் போன திசையைக் காட்டும். எச்சத்தைப் பாருங்கள். ஒரு முனை வளைந்து ‘ஜே’ போல நீளமாக இருந்தால் சேவல், சுருண்டு உருண்டையாக இருந்தால் பெட்டை. ஈர மண்ணில் விரல் தடம் நான்கு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அநேகமாகச் சேவல். மார்பு இறகு கிடைத்தால் நுனியைப் பாருங்கள்: சேவலுக்குக் கறுப்பு, பெட்டைக்கு வெளிர் பழுப்பு. பெரிய மரத்தடியில் எச்சமும் இறகும் குவிந்திருந்தால் அது அடையும் மரம்.

வேட்டைக்கு முந்தின நாள் மாலை, சூரியன் மறைந்து வெளிச்சம் குறையும் நேரத்தில் முகட்டில் நின்று ஆந்தைபோல ஒருமுறை கூவுங்கள். திடீர்ச் சத்தத்துக்குச் சேவல் தன்னை மறந்து பதில் கூவிவிடும். காக்கைக் குரலுக்குக் கூவும், இடிக்குக் கூவும், கார்க் கதவை அறைந்து சாத்தினாலும் கூவும். கூவினால் அது எந்த மரத்தில் அடைந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அப்புறம் பேசாமல் வீடு திரும்புங்கள். அங்கே நின்று பெட்டைக் குரலைப் பழகிப் பார்க்க வேண்டாம். வேட்டைக்கு முன்பே அந்தக் குரலைக் கேட்டு ஏமாந்த சேவல் மறுபடி எளிதில் வராது.

துப்பாக்கி

12 அல்லது 20 கேஜ் (குழல் அகலத்தின் அளவு) ஷாட்கன், இறுக்கமான சோக் (குழல் முனையைக் குறுக்கி ரவை சிதறாமல் காக்கும் பாகம்), 4 முதல் 6-ஆம் எண் வரை ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்). இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, ஒரு வேலையைத் தவிர. 40 கெஜத்தில் ஒரு பெரிய காகிதத்தை வைத்து, நீங்கள் கொண்டுபோகப்போகும் அதே தோட்டாவால் சுட்டுப் பாருங்கள். பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு ரவை விழ வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். விழாவிட்டால் 30 கெஜத்துக்கு நெருங்கி வாருங்கள். அதுதான் உங்கள் எல்லை. இலக்கு தலையும் கழுத்தும் மட்டுமே. உடம்பில் பட்டால் பறவை காயத்தோடு பறந்து போய் எங்கோ சாகும். அதைவிட மோசமான காலை இந்த வேட்டையில் இல்லை.

உடையும் உண்ணியும்

தலையிலிருந்து கால் வரை காட்டு நிறம். கையுறை, முகத்திரை கட்டாயம். மனிதக் கையும் முகமும்தான் காட்டில் முதலில் பளிச்சென்று தெரிபவை. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றும் உடம்பில் எங்கும் இருக்கக் கூடாது, சாக்ஸிலும் பனியனிலும்கூட. சேவல் தலையின் நிறங்கள் அவை. இன்னொரு வேட்டைக்காரர் கண்ணுக்கு அந்தத் துளி நிறம் பறவையாகத் தெரியலாம். இடம் மாறும்போது பளீர் ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், உட்கார்ந்ததும் கழற்றிவிடலாம்.

பென்சில்வேனியாவில் உண்ணி மூலம் லைம் நோய் பரவலாக இருக்கிறது. முந்தின நாளே உடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து உலர்த்துங்கள். காலுறைக்குள் பேன்ட் நுனியைச் செருகுங்கள். வீடு திரும்பியதும் குளிக்கும்போது அக்குள், தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள்.

குரல்

மூன்று வகைக் கருவிகள். மரப்பெட்டியின் மூடியை விளிம்பில் உரசும் பாக்ஸ் கால் புதியவருக்கு எளிது. சாக்கட்டி தடவி வைத்துக்கொண்டு, மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டத் தட்டில் குச்சியால் உரசும் ஸ்லேட் கால் மென்மையான குரலுக்கு ஏற்றது. குச்சியைப் பேனா மாதிரிப் பிடித்து, தட்டிலிருந்து எடுக்காமல் சிறு சிறு வட்டம் போட வேண்டும். வாய்க்குள் வைத்து ஊதும் டயாபிரம் பழக வாரக்கணக்கில் ஆகும், ஆனால் இரண்டு கையும் துப்பாக்கியில் இருக்கலாம். பாக்ஸ் கால் எளிது என்றாலும், மென்மையான குரலுக்காக ஸ்லேட்டில் தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

மூன்று ஓசை போதும். ஐந்தாறு முறை சீராகக் கேறுவது. ‘கொக்’ என்ற ஒற்றைச் சத்தம். இரை பொறுக்கும்போது வரும் மெல்லிய ‘கர்ர்’. ஓசையைவிடத் தாளம்தான் முக்கியம். உண்மையான பெட்டைகள் குரல் தப்பிக் கேறுவதை நானே கேட்டிருக்கிறேன், தாளம் தப்பிக் கேட்டதில்லை.

ஊரில் கவுதாரி பிடிப்பவர்கள் பழக்கிய பறவை ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவ விடுவார்கள். ‘பார்வை’ என்று அதற்குப் பெயர். இங்கே அந்த வேலையைப் பிளாஸ்டிக் பெட்டை பொம்மை செய்கிறது. வைப்பதானால் 20 கெஜத்துக்குள் வையுங்கள். தூக்கிக்கொண்டு நடக்கும்போது பைக்குள் முழுவதும் மறைத்துவிடுங்கள்.

அந்தக் காலை

வட மாவட்டங்களில் மே தொடக்கத்தில் சூரியன் ஆறு மணிவாக்கில் எழும். ஐந்துக்கு முன்பே நீங்கள் இடத்தில் இருக்க வேண்டும். அடையும் மரத்திலிருந்து 100 முதல் 150 கெஜம் தள்ளி, முடிந்தால் அதே உயரத்தில் அல்லது சற்று மேட்டில். சேவல் சரிவில் இறங்கி வருவதைவிட ஏறி வரவே அதிகம் விரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஓடை, வேலி, அடர்ந்த புதர் இருக்கக் கூடாது. பறந்தால் ஒரு நொடியில் கடக்கக்கூடிய ஓடைக்கு அக்கரையில் நின்று ஒரு மணி நேரம் கூவிவிட்டுத் திரும்பிப் போகும்.

உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இது உருவத்தை மறைக்கும். பின்னாலிருந்து வரும் குண்டுக்கும் தடுப்பு. உட்காரும் இடத்தில் சருகை விலக்கிவிடுங்கள், சுள்ளி ஒடியும் ஓசை தூரம் கேட்கும். மெத்தை ஒன்று அவசியம்; பிட்டம் மரத்துப்போனவரால் அசையாமல் இருக்க முடியாது. வலக்கைக்காரர் இடத்தோள் பறவையின் திசையைப் பார்க்குமாறு திரும்பி உட்கார வேண்டும். முழங்காலை மடித்து அதன்மேல் துப்பாக்கியை வைத்துவிடுங்கள், பிறகு தூக்க வேண்டியிருக்காது.

முதல் கூவல் இருட்டிலேயே வரும். முகட்டிலிருந்து உருண்டு வருகிற அந்தக் குரலை முதன்முறை கேட்டபோது என் கைவிரல்கள் நடுங்கின. இப்போதும் நடுங்குகின்றன.

வெளிச்சம் வரத் தொடங்கியதும், தூக்கத்தில் முனகுவது போல மூன்று நான்கு மெல்லிய கேறல். பதில் வந்தால் நிறுத்திவிடுங்கள். நீங்கள் இருப்பது அதற்குத் தெரியும், எந்த மரத்தடி என்பதுவரை தெரியும். மரத்தில் இருக்கும் சேவலிடம் அதிகம் பேசினால் அது கிளையிலேயே உட்கார்ந்துகொண்டு பெட்டை தன்னிடம் வரட்டும் என்று காத்திருக்கும். இயற்கையில் அதுதான் வழக்கம். பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். நாம் அந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றப் பார்க்கிறோம். அதனால்தான் பொறுமை.

இறக்கையடிக்கும் சத்தம் கேட்டால் தரைக்கு வந்துவிட்டது. இப்போது சாதாரணமாக ஒருமுறை கேறுங்கள். அதன் பிறகு அது எவ்வளவு கேட்கிறதோ அதைவிடக் குறைவாகக் கொடுங்கள். 80 கெஜத்தில் வந்து நின்றுவிட்டால் கருவியைக் கீழே வைத்துவிட்டு, கையால் சருகை இரண்டுமுறை, ஒருமுறை, மறுபடி இரண்டுமுறை என்று மெதுவாகக் கிளறுங்கள். பெட்டை தன்னைக் கவனிக்காமல் இரை பொறுக்குகிறது என்று அது நம்பட்டும்.

என் முதல் சேவல் இப்படித்தான் வந்தது. ஆறரைக்குக் கூவல் நின்றுபோனது. ஏழு, ஏழரை, எட்டு. எழுந்துவிடலாம் என்று கால் சொன்னது. முந்தைய மூன்று வருடமும் நான் எழுந்த நேரம் அது. அந்த முறை உட்கார்ந்தே இருந்தேன். எட்டே முக்காலுக்கு இடப்பக்கத்துச் சரிவில் ஒரு சத்தம்: முதலில் துப்புவது போல ‘ட்ச்’, பின்னாலேயே அடிவயிற்றில் அதிரும் ஓர் உறுமல். விசிறி விரித்த சேவல் மிக அருகில் வந்தால்தான் அது கேட்கும். கூவாமலே வந்திருந்தது. ட்ரில்லியம் பூக்களுக்கு மேலே வெண்மையான நெற்றி மட்டும் தெரிந்தது. அது ஒரு பெரிய பீச் மரத்துக்குப் பின்னால் போன நொடியில்தான் துப்பாக்கியைக் கால் அங்குலம் திருப்பினேன்.

பத்து மணிக்கு மேல் காட்டில் ஆட்கள் குறைவு. காலையில் பெட்டைகளோடு போன சேவல், அவை முட்டையிடப் போனதும் தனியாக உங்கள் குரல் கேட்ட இடத்தை நினைவு வைத்துத் திரும்பி வருவதுண்டு. நண்பகல் வரை இருங்கள்.

சுடுவதற்கு முன்

சத்தத்தைச் சுடாதீர்கள். அசைவைச் சுடாதீர்கள். நிறத்தைச் சுடாதீர்கள். முழுப் பறவையும், மார்பிலிருந்து தொங்கும் தாடியும் தெளிவாகத் தெரிந்து, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்த பிறகே பாதுகாப்புக் கொக்கியை எடுங்கள். வான்கோழிக் காட்டில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரைப் பறவை என்று எண்ணிச் சுட்டவை. நீங்கள் கேட்கும் அழகான பெட்டைக்குரல் என்னைப் போல் ஒருவர் ஸ்லேட்டில் உரசுவதாக இருக்கலாம்.

யாராவது உங்களை நோக்கி வந்தால் கையசைக்க வேண்டாம், எழ வேண்டாம், வான்கோழிக் குரலும் கொடுக்க வேண்டாம். அசையாமல் இருந்தபடி உரத்த குரலில் பேசுங்கள். காலை வீணாகட்டும், பரவாயில்லை.

இளஞ்சேவலுக்குத் தாடி நான்கைந்து அங்குலம்தான் இருக்கும், விசிறியின் நடு இறகுகள் மட்டும் நீண்டிருக்கும். மூத்த சேவலுக்குத் தாடி ஒன்பது அங்குலத்துக்கு மேல், விசிறி ஒரே சீராக இருக்கும். சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு. சட்டம் அனுமதித்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

விசிறி விரித்திருக்கும்போது கழுத்து சுருங்கியிருக்கும். ஒரு ‘கொக்’ கொடுத்தால் நிமிரும். கழுத்து நீண்ட அந்தக் கணத்தில், இறகு முடிந்து தோல் தொடங்கும் இடத்தைப் பார்த்துச் சுடுங்கள்.

பிறகு

கொக்கியைப் பூட்டிவிட்டுப் போங்கள். உயிர் போன பிறகும் கால்கள் உதைக்கும். கால்முள் கையைக் கிழித்துவிடும். பறவையை நகர்த்துவதற்கு முன்பே சீட்டை நிரப்பிக் காலில் கட்டுங்கள். தூக்கிப் போகும்போது ஆரஞ்சுத் துணியால் முழுவதும் சுற்றிவிடுங்கள். பத்து நாளுக்குள் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். நான் அன்று மாலையே செய்துவிடுவேன்.

கழுத்தடியில் தீனிப்பை இருக்கும், திறந்து பாருங்கள். என் பறவையில் சென்ற வருடத்து ஓக் கொட்டைத் துண்டுகளும் பச்சைத் தளிர்களும் இருந்தன. அடுத்த வருடம் எங்கே உட்காருவது என்பதற்கு அதைவிட நல்ல குறிப்பு கிடையாது.

மார்புக் கறியில் கொழுப்பே இல்லை. குறுக்காக மெல்லிய துண்டு போட்டு, தயிரில் நான்கு மணி நேரம் ஊறவைத்து, மிளகு சீரகம் தூக்கலாகப் போட்டுச் சீக்கிரம் வறுத்து இறக்குங்கள். கூடுதலாக வெந்தால் நார்தான். தொடையும் காலும் வேறு கதை: காலில் ஈர்க்குச்சி போன்ற கெட்டித் தசைநாண்கள் இருக்கும், நாட்டுக்கோழியைவிட நீண்ட நேரம் வேக வேண்டும். குக்கரில் நாற்பது நிமிடம் வேகவைத்து, நாண்களை உருவி எறிந்துவிட்டுக் குழம்பில் சேருங்கள். கழுத்தை ஒட்டிய கறியை விரலால் தடவி ரவை இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

விசிறியை வைத்துக்கொள்ள விரும்பினால் அடிக்கட்டையில் ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி எடுத்து, போராக்ஸ் தூவி, அட்டையில் விரித்து ஊசி குத்தி வையுங்கள். மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் உயரத்தில் வையுங்கள்.